ஹிட்ச் கேரியரா, டிரெய்லரா?

கேள்வி: காருக்குப் பின்னால் பைக்கை ஏத்திட்டுப் போகணும். பைக் 150 கிலோ, ஹிட்ச்சில் (காரின் பின்னால் இருக்கும் இழுவை இணைப்பு) மாட்டும் கேரியர் (பைக்கைத் தாங்கும் சட்டம்) 35. ஹிட்ச்சில் அதிகபட்ச செங்குத்துச் சுமை (மேலிருந்து அழுத்தும் எடை) 100 கிலோ, இழுவை 1,500 கிலோன்னு போட்டிருக்கு. கேரியர் தாங்குமா?

பதில் 1: தாங்காது. 1,500 என்பது சக்கரத்தில் உருளும் டிரெய்லருக்கு. கேரியரில் 185 கிலோவும் ஹிட்ச் மேலேயே தொங்கும், அதுவும் பின்னால் தள்ளி. காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரப் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகிடும்.

பதில் 2: டிரெய்லரே எடுங்க. பைக்கின் எடை டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் விழுற மாதிரி நிறுத்துங்க; டிரெய்லரும் பைக்கும் சேர்ந்த மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் ஹிட்ச்சில் விழணும். எடை பின்னால் போச்சுன்னா வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். நாலு ராட்செட் பட்டை (நெம்புகோலால் இறுக்கும் கட்டுப்பட்டை) போதும். முன்பட்டையை ஹேண்டில்பாரில் மாட்டாதீங்க, கீழ் டிரிபிள் கிளாம்ப்பில் (முன் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் கீழ்த் தாங்கி) மாட்டுங்க. பட்டையை இறுக்கும்போது ஃபோர்க் (முன்சக்கர அதிர்வுத் தாங்கி) பாதி அமுங்கினா போதும். சைடு ஸ்டாண்டை மடக்கிடுங்க.

பதில் 3: 20 கிலோமீட்டரில் நிறுத்தி பட்டையின் இறுக்கம் பாருங்க. புதுப் பட்டை தளரக்கூடும்.