மரினா அணைக்கட்டு: கனமழையிலும் மதகு மூடியிருப்பது ஏன்?

கேள்வி: கடலையும் உள்ளே தேங்கும் நீரையும் பிரிக்கும் சிங்கப்பூர் மரினா அணைக்கட்டில் 9 மதகுகள் உண்டு. கொட்டுகிற மழையிலும் சில சமயம் திறப்பதில்லையே, ஏன்?

பதில்: முதலில் கடல் மட்டத்தைப் பாருங்கள். கடல் வற்றும் நேரமென்றால் மதகைத் தாழ்த்தித் திறப்பார்கள், மேலே வழிந்து நீர் தானே கடலுக்குப் போய்விடும். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறியிருக்கையில் தாழ்த்தினால் கடல்தான் உள்ளே புகும். அப்போது 7 பம்புகள்தான் கை கொடுக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும்.

பதில்: உப்பும் முக்கியம். 2008இல் கட்டி முடித்தும், மழைநீர் உப்பைக் கழுவி 2010இல்தான் உள்ளே தேங்கிய நீர் நன்னீரானது. அது குடிநீர்த் தேக்கம், கெட விடலாமா?

பதில்: ஓதம் எட்டாததால் உள்ளே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே நிலை. கயாக், டிராகன் படகு ஆண்டு முழுக்க விடலாம். மதகுப் பக்கம் மட்டும் நெருங்காதீர்கள், திறந்தால் இழுத்துவிடும். பட்டம் விட மேல்தளப் புல்வெளி அருமை.