'மாசு' என்ற சொல் போதுமா? வளர்ப்புத் தட்டில் வந்து சேரும் வேற்றுக் கிருமிக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு ரங்கூனிலிருந்து வணக்கம்.

நோயாளியின் உடலிலிருந்து வராமல், ஊசி குத்திய தோலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து தட்டில் வளர்ந்துவிடும் பாக்டீரியாவை ஆய்வகத்தில் கன்டாமினன்ட் என்கிறோம். தமிழில் எழுதும்போது 'மாசு' என்று போட்டுவிட்டு நகர்கிறோம். அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாசு என்றால் ஆற்றில் கலக்கும் சாயக்கழிவும் காற்றில் கலக்கும் புகையும்தான் நினைவுக்கு வரும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மாசு என்று சொன்னதுமே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தட்டு நேரே, நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மெலியாய்டோசிஸ் நோயை முதன்முதலில் கண்டறிந்ததே ரங்கூனில்தான். ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் 1911-இல் இங்கே பிணப் பரிசோதனைகளில் கண்டு 1912-இல் வெளியிட்டார்கள். சீழ்க்கட்டிகளைப் பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலவே இருந்தது. ஆனால் பிரித்தெடுத்த பாக்டீரியா நீந்தியது, கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. இன்று அதன் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை. சேற்றிலும் வயல் நீரிலும் வாழ்வது. நெல் வயலில் இறங்கி வேலை செய்பவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதிகம் தாக்குவது.

இந்தக் கிருமி எப்படிக் குப்பைக்குப் போகிறது என்று பாருங்கள். இரத்த அகாரில் (இரத்தம் கலந்த வளர்ப்புக் கூழில்) 24 மணி நேரத்தில் சிறிய, வழவழப்பான, கவனத்தை ஈர்க்காத காலனிகள்தான், அதாவது பாக்டீரியாக் கூட்டங்கள்தான், தெரியும். 48 மணிக்கு மேல் அவை உலர்ந்து சுருக்கம் விழுந்து, அப்படியே மண்ணிலிருந்து வரும் பேசில்லஸ் காலனி போல ஆகிவிடும். கிராம் சாயத்தில் (பாக்டீரியாக்களை ஊதா நிறமாகும் கிராம் நேர், சிவப்பாகும் கிராம் எதிர் என்று பிரிக்கும் சோதனை) இரு முனையும் அடர்ந்து நடு வெளிறி, சேலைக்குக் குத்தும் ஊக்கு மாதிரி தெரிந்தால் நல்லது. ஆனால் எப்போதும் அப்படித் தெரியாது, வேறு கிருமிகளும் அப்படித் தெரியலாம். போதாததற்கு, நிறம் நீக்கும் அசிட்டோனை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் விட்டால், ஊதாவாக இருக்க வேண்டிய பேசில்லஸும் நிறம் இழந்து சிவப்பாகிவிடும். பழைய வளர்ப்பிலிருந்து எடுத்தாலும் அதேதான். பேசில்லஸ் இப்படி ஏமாற்றிப் பழக்கப்பட்ட கண், சுருங்கிய காலனியையும் சிவப்புக் கோலையும் சேர்த்துப் பார்த்ததும் "சாயம் தவறியிருக்கிறது, இது பேசில்லஸ், மாசு" என்று சொல்லிவிடுகிறது.

சந்தேகம் வந்தால் 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் குழைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கம்பியைத் தூக்கும்போது வெண்டைக்காய்ப் பசை போல நூல் இழுத்தால் கிராம் எதிர். பிறகு ஆக்சிடேஸ் சோதனை, அந்த நொதி இருந்தால் நீலம் வரும். நிக்ரோம் கம்பியால் எடுத்தால் இல்லாத நீலம் வரும், மரக்குச்சியோ பிளாட்டினமோ வேண்டும். மெக்கான்கி தட்டிலிருந்து எடுக்கக் கூடாது. 10 விநாடிக்குள் வரும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டும். ஆக்சிடேஸ் நேர் என்றால் மூன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வில்லைகள்: ஜென்டாமைசின், கோலிஸ்டின் இரண்டையும் சுற்றி வளர்ச்சி நிற்காது, கோ-அமாக்சிகிளாவைச் சுற்றி நிற்கும். இந்தக் கோலம் வந்தால் சூடோமாலியையைச் சந்தேகித்து, லேடெக்ஸ் திரட்டல் சோதனைக்கோ மேல் ஆய்வகத்துக்கோ அனுப்ப வேண்டும். ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகைகள் மலேசியாவின் சரவாக்கில் உண்டு, ஆகவே அந்த ஒரு வில்லையை வைத்து விலக்கிவிடாதீர்கள். இவை எல்லாம் பாதுகாப்புப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சொல்லுக்கு வருகிறேன். 'வந்தேறி' என்று ஒருவர் முன்மொழிந்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் யார் மீது எறியப்படுகிறது என்பது பர்மாவில் மூன்று தலைமுறையாக வாழும் நமக்குத் தெரியும். அதைத் தட்டில் வளரும் கிருமிக்குக்கூட வைக்க மனம் வரவில்லை. 'புறக்கலப்பு' சரிவருமா?

*

ஐயா, வணக்கம்.

மாசு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. 'புறக்கலப்பு' பற்றி ஒரு தயக்கம். பயிர்வளர்ப்பு எழுதுபவர்கள் கலப்பு என்றால் இனக்கலப்பைத்தான் சொல்வார்கள். ஒரே பாடநூலில் உயிரியலின் இரு பிரிவுகள் வரும்போது பிள்ளைகள் குழம்புவார்கள். 'கலப்படம்' இன்னும் மோசம், பாலில் தண்ணீர் ஊற்றுவது போல வேண்டுமென்றே செய்ததாகிவிடும்.

சுவடிப் பதிப்பில் நமக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: இடைச்செருகல். ஒரு பாடல் நூலாசிரியருடையதா, நடுவில் யாரோ நுழைத்ததா என்று பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் சொல்வார். ஒரே ஒரு ஏட்டில் மட்டும் இருந்தால் ஐயம், வெவ்வேறு ஊர் ஏடுகளில் எல்லாம் இருந்தால் ஏற்பு. நீங்கள் சொல்லும் வேலையும் இதுதான் அல்லவா? ஆனால் செருகல் என்றால் செருகியவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே யாரும் செருகவில்லை, தானே வந்தது. அதனால் 'இடைவரவு' என்று வைத்தால் என்ன? நோயாளிக்கும் தட்டுக்கும் இடையில் வந்தது. பழியும் இல்லை, எங்கே வந்தது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

வரவு என்றால் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருமே என்பார்கள். 'வரத்து', 'நல்வரவு' என்று எத்தனையோ வழங்குகின்றன, அது தடையில்லை.

*

அம்மா, இடைவரவு மிகவும் பொருந்துகிறது. புறக்கலப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஏடு ஒப்பீடு என்று நீங்கள் சொன்னது, இரத்தத்தைப் புட்டியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்த வளர்ப்புக்கு அப்படியே பொருந்தும். வெவ்வேறு இடத்தில் ஊசி குத்தி, இரண்டு முறை இரத்தம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பெரியவர்களுக்கு ஒரு புட்டிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். தோலில் சாதாரணமாக வாழும் கோயகுலேஸ் எதிர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரு முறை எடுத்ததில் மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்த இடைவரவு. இரண்டு முறையும் வளர்ந்தால் நோயாளியின் இரத்தத்திலேயே இருந்திருக்கலாம், முக்கியமாகச் செயற்கை இதய வால்வோ இரத்த நாளத்துக்குள் வைத்த குழாயோ உள்ளவருக்கு. ஆனால் சூடோமாலியைக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒரே புட்டியில் ஒரே காலனி வந்தாலும் அதை இடைவரவு என்று எழுதவே கூடாது.

தட்டிலும் இடம் பார்த்துச் சொல்ல முடியும். மாதிரியைத் தட்டில் தேய்க்கும் லூப் கம்பியை ஒவ்வொரு பகுதிக்கும் சுட்டு ஆறவைத்து நான்கு பகுதியாகக் கோடிழுத்திருந்தால், கோட்டின் மேல் வளர்ந்தது மாதிரியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கும் காலனி காற்றிலிருந்து விழுந்திருக்கும். அதே நாளில் ஊற்றிய, கோடே இழுக்காத ஒரு தட்டை அதே அடுக்கில் ஓர் இரவு வைத்து, அதிலும் அதே காலனி வந்தால் அகார் ஊற்றிய நாளிலேயே வந்த இடைவரவு. தோலைத் துடைத்த சாராயம் உலருமுன் ஊசி குத்துவதும் ஒரு காரணம். 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின் என்றால் துடைத்து 30 விநாடியாவது காய விட வேண்டும்.

எனவே சொல்லோடு ஒரு வழக்கத்தையும் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றுகிறது. இடைவரவு என்று எழுதுபவர் எங்கிருந்து வந்தது என்று கருதுகிறாரோ அதையும் முன்னால் எழுத வேண்டும்: தோல் இடைவரவு, காற்று இடைவரவு, ஊடக இடைவரவு, லூப் இடைவரவு. எங்கிருந்து என்று சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லையே போடாமல், கண்டதை மட்டும் எழுதட்டும். "கிராம் எதிர்க் கோல், ஆக்சிடேஸ் நேர், 48 மணியில் சுருக்கம், மேலும் சோதனையில்" என்று எழுதியிருந்தால் மறுநாள் வேலைக்கு வருபவர் அந்தத் தட்டை எறிய மாட்டார்.

வினைக்கு 'இடைவந்தது' என்று சேர்த்து எழுதுவதா, 'இடையில் வந்தது' என்று பிரிப்பதா என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் அம்மா.