புதுப்பிப்பு: அம்மாவை மிரட்டிய போலி போலீஸ் அழைப்புகள்

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்" என்று போலீஸ் போலப் பேசி அம்மாவை மிரட்டுகிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 சேவையில் பதிவு செய்தேன். விளம்பர அழைப்புகள் குறைந்தன, இந்த மோசடிக்காரர்கள் நிற்கவில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்களைப் புகார் செய்தேன், வேறு எண்ணில் வந்தார்கள்.

கைகொடுத்தது போனிலேயே இருக்கும் 'டு நாட் டிஸ்டர்ப்' (தொந்தரவு செய்யாதே) அமைப்பைப் போடும் யோசனைதான். சேமித்த எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்தேன். வாட்ஸ்அப்பில் தெரியாத அழைப்புகளை ஒலியடக்கும் வசதி தனியாக இருக்கிறது. அதையும் போட வேண்டும். மூன்று வாரமாக அம்மா மதியம் நிம்மதியாகத் தூங்குகிறார்.

எதிர்பாராதது ஒன்று: சிலிண்டர் போடும் தம்பி அழைத்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை, சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. அவர் எண், மருந்துக்கடை எண் எல்லாம் இப்போது சேமித்தாயிற்று. மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.