ஜாவா டெவலப்பர் வேலையிலிருந்து டெவ்ஆப்ஸுக்கு: எதில் தொடங்குவது?

கெடிலக்கரை:
பாண்டியில் ஒரு கம்பெனியில் ஜாவா, ஸ்பிரிங் பூட், 4 வருஷம். கோடு எழுதி கிட்டில் தள்ளினால் என் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அதை பில்டு பண்ற ஜென்கின்ஸ் என்ன செய்யுது, சர்வர் எங்கே இருக்கு, ஒண்ணும் தெரியாது. அந்த சர்வர், டிப்ளாய்மென்ட் வேலைதான் டெவ்ஆப்ஸ், அந்தப் பக்கம் போகணும். ஆனா டாக்கர், குபர்நெட்டிஸ், டெராஃபார்ம், ஆன்சிபிள், பிரோமிதியஸ்னு பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளுது. தினமும் கடலூர்–பாண்டி பஸ். ராத்திரி ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். லேப்டாப் 8 ஜிபி. எதை முதல்ல தொடலாம்? குபர்நெட்டிஸ் நிர்வாகிக்கான சிகேஏ தேர்வு எழுதினா பலன் உண்டா?

லாஸ்பேட்டை:
பட்டியலை மூடி வைங்க. நீங்க தினமும் எழுதுற மாதிரி ஒரு சின்ன ஸ்பிரிங் பூட் ஆப், கூட ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். கடைசி வரைக்கும் அதே ஆப்தான், வாரத்துக்கு ஒரு புது ப்ராஜெக்ட் வேண்டாம்.

முதல் மாசம் டாக்கரே வேண்டாம். 2 ஜிபியில ஒரு உபுண்டு லினக்ஸ் விஎம் (லேப்டாப்புக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டர்) போட்டு, ஆப்போட ஜார் ஃபைலை சிஸ்டம்டி சர்வீஸா, அதாவது பின்னணியில ஓடுற மாதிரி ஓட்டுங்க, முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைங்க. அப்புறம் வேணும்னே கெடுங்க. ஆப் எழுதிக்கிட்டே இருக்கிற பெரிய லாக் ஃபைலை அழிச்சுப் பாருங்க. டியூ (ஃபைல்களோட அளவைக் கூட்டுற கமாண்ட்) போட்டா இடம் காலின்னு சொல்லும், டிஎஃப் (டிஸ்க்ல மிச்ச இடத்தைக் காட்டுற கமாண்ட்) போட்டா டிஸ்க் நிறைஞ்சே நிக்கும். அழிஞ்சது ஃபைலோட பேர் மட்டும்தான். ப்ராசஸ் அதை இன்னும் திறந்து பிடிச்சிருக்கு, விடுற வரைக்கும் இடம் திரும்பாது. திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப்ல தேடினா யார் பிடிச்சிருக்காங்கன்னு தெரியும். இன்டர்வியூவுக்கு நல்ல கேள்வி இது.

அடுத்தது டாக்கர், அதாவது ஆப்பை அதுக்கு வேண்டியதோட கன்டெய்னர்ங்கிற பெட்டியில அடைச்சு ஓட்டுறது. ஜாவாக்காரங்க வழுக்கி விழுறது மெமரியிலதான். கன்டெய்னர் லிமிட் 512 எம்பி, ஜாவாவோட எக்ஸ்எம்எக்ஸும் (-Xmx) 512ன்னு வைப்பாங்க. ஆனா எக்ஸ்எம்எக்ஸ் ஹீப்புக்கு (ஆப்ஜெக்ட்கள் இருக்கிற மெமரி) மட்டும்தான். மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் எல்லாம் அதுக்கு வெளியே. லிமிட்டைத் தாண்டினதும் கர்னல் கொன்னுடும். எக்ஸிட் கோட் 137 வரும், அதாவது 128 கூட்டல் 9, ஒன்பதுன்னா சிக்கில் (SIGKILL), உடனே கொல்லுற சிக்னல். லாக்ல ஒரு ஸ்டாக் டிரேஸ்கூட இருக்காது, ஜேவிஎம்முக்கு வாய் திறக்க நேரமே கிடைக்கலையே. எதுவும் கொடுக்காம விட்டா வேற கூத்து: 1 ஜிபி லிமிட்ல ஹீப்புக்கு கால் பங்கு, 256 எம்பிதான் எடுத்துக்கும். ஹீப்புக்கு எத்தனை சதவீதம்னு சொல்ற மேக்ஸ்ரேம்பர்சென்டேஜை 70ல வெச்சுத் தொடங்குங்க, அளந்து பார்த்து மாத்துங்க.

மஞ்சக்குப்பம்:
லாஸ்பேட்டை சொன்ன வரிசையை நானும் வழிமொழிகிறேன். பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு வரும்போது லைவ்னெஸ் ப்ரோபில் (ஆப் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) கவனம். இயல்பாக 10 நொடிக்கு ஒரு தடவை தட்டும், 1 நொடிக்குள் பதில் வரவேண்டும், தொடர்ந்து 3 தடவை தவறினால் ரீஸ்டார்ட். உங்கள் ஆப் எழுந்திருக்கவே 50 நொடி எடுத்தால், எழுவதற்குள் அடிவாங்கி கிராஷ்லூப்பில் சுழலும். அதற்குத்தான் ஸ்டார்ட்அப் ப்ரோப், ஆப் எழும்வரை லைவ்னெஸைத் தள்ளிவைக்கும்.

அதைவிட மோசமானது, லைவ்னெஸுக்கு ஆக்சுவேட்டரின் (ஸ்பிரிங் பூட்டில் ஆப்பின் நிலையைச் சொல்லும் பகுதி) மொத்த ஹெல்த் முகவரியைக் கொடுப்பது. அதில் டேட்டாபேஸ் சோதனையும் சேர்ந்திருக்கும். டேட்டாபேஸ் கொஞ்சம் திணறினாலும் எல்லா பாட்களும் (pod, ஓடும் ஆப்பின் பிரதிகள்) ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, ஒரே நேரத்தில் புது கனெக்‌ஷன் கேட்டு, திணறியதைப் படுக்கவே வைத்துவிடும். ஸ்பிரிங் பூட் 2.3 முதல் லைவ்னெஸ், ரெடினெஸ் (வேலை ஏற்கத் தயாரா என்ற சோதனை) தனித்தனி முகவரியாகக் கிடைக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள்.

8 ஜிபிக்கு ஒற்றை நோடு (மெஷின்) கே3எஸ் என்ற இலகு குபர்நெட்டிஸ் போதும். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான ஈகேஎஸ்ஸில் நிர்வாகப் பகுதியான கன்ட்ரோல் பிளேன் மட்டும் மணிக்கு 0.10 டாலர். மறந்து விட்டுவைத்தால் மாதம் 70 டாலருக்கு மேல், நோடு செலவு தனி. டெராஃபார்ம் (சர்வர்களைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) தொடும் நாளில் ஒன்று: அது உருவாக்கியதைக் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைலை கிட்டில் ஏற்றாதீர்கள், பாஸ்வேர்டு அதில் வெளிப்படையாகவே கிடக்கும்.

சிகேஏ 2 மணி நேரம், டெர்மினலில் செய்துகாட்டும் தேர்வு, 66 சதவீதம் வேண்டும். ரெஸ்யூமே வடிகட்டும்போது உதவும். லினக்ஸ் கைவராமல் எழுதினால் காசுக்குக் கேடு. அதற்கு முன் உங்கள் டீம் லீடிடம் டிப்ளாய்மென்ட் வேலையில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். வெளியே வேலை தேடுவதைவிட உள்ளேயே மாறுவது எளிது.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றிங்க. ஆன்-கால் (வேலை நேரம் தாண்டியும் சர்வர் பிரச்சினைன்னா பார்க்கிற முறை) வந்தா கடலூர் வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

லாஸ்பேட்டை:
மத்த மாசம் பிரச்சினை இல்ல. நவம்பர், டிசம்பர்தான் வம்பு. 2011 தானே புயலுக்கு அப்புறம் கடலூர் மாவட்டத்துல பல ஊருக்கு கரன்ட் வர வாரக்கணக்காச்சு. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் பாண்டி பக்கமே கரையேறுச்சு. வீட்டுல இன்வெர்ட்டர் ஓடினாலும் டவர் பேட்டரி தீர்ந்தா ஹாட்ஸ்பாட்டும் போச்சு. அதனால ரெண்டாவது ஆள் வேற ஊர்ல இருக்கணும், அதுவும் சென்னை வேண்டாம், ஒரே புயல் ரெண்டு ஊரையும் அடிக்கும். அலர்ட்டை 10 நிமிஷத்துல ஏத்துக்கலைன்னா தானா அவருக்குப் போற மாதிரி வைங்க. புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே ஷிஃப்டை மாத்திக்கங்க, கரன்ட் போன பிறகு மாத்த முடியாது.