சர்ச்ல பாட்டு போட ஃப்ரீ சாஃப்ட்வேர் எது? பழைய பாமினி பிபிடி எல்லாம் என்ன பண்றது?

நெல்லை கீபோர்டு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுது திருநெல்வேலி பக்கம் சின்ன கிராம சபை, இவ்ளோ நாளா காசு கட்டி வாங்க வேண்டிய ஒரு சாஃப்ட்வேர க்ராக் போட்டு ஓட்டிட்டு இருந்தோம், வைரஸ் வந்து லேப்டாப் படுத்துருச்சு. கோயிலுக்குள்ள திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம்னு ஐயர்வாளும் (எங்க சபை பாஸ்டர்) சொல்லிட்டாங்க. இப்ப 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒண்ணுதான் இருக்கு. கீர்த்தனை, பாமாலைன்னு 300 பிபிடி (பவர்பாயிண்ட் ஃபைல்) பெண்டிரைவ்ல கிடக்கு, எல்லாம் பாமினி ஃபாண்ட்ல அடிச்சது. எத போடலாம்?

பின்பெஞ்ச் ஆபரேட்டர்:
ஓப்பன்எல்பி போடுங்க பிரதர். ஜிபிஎல் லைசென்ஸ், அதாவது யாரும் ஃப்ரீயா வச்சுக்கலாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும். பாட்டுக்கு தனி லைப்ரரி இருக்கு, ஒரு வார்த்த அடிச்சா பாட்டு வந்து நிக்கும், ஐயர்வாள் திடீர்னு வேற பாட்டு சொன்னா ஃபோல்டர் ஃபோல்டரா தேட வேண்டாம். முக்கியமா, பல்லவிய கோரஸ்னு ஒரு தடவ மட்டும் அடிங்க, சரணங்கள வெர்ஸ்னு போடுங்க, வெர்ஸ் ஆர்டர்ல ஒவ்வொரு சரணத்துக்கு அப்புறமும் கோரஸ் வர்ற மாதிரி குடுத்துட்டா அதுவே பல்லவிக்கு திரும்பிடும். பிபிடில பல்லவிய அஞ்சு தடவ காப்பி பண்ணி, அதுல ஒண்ணுல மட்டும் எழுத்துப்பிழை இருக்கும் பாருங்க, அந்தத் தொல்லை இல்ல.

யூனிகோட் பைத்தியம்:
சாஃப்ட்வேர் பிரச்சினையே இல்லங்க, பாமினிதான் பிரச்சினை. அதுல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபாண்ட் தமிழ் மாதிரி காட்டுது, அவ்ளோதான். அப்படியே பேஸ்ட் பண்ணா தேடுனாலும் கிடைக்காது, ஃபாண்ட் இல்லாத லேப்டாப்ல கிறுக்குன மாதிரி வரும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடா, அதாவது எந்த லேப்டாப்லயும் தமிழாவே இருக்கற எழுத்தா, மாத்திட்டு ஏத்துங்க, ஒரு தடவ கண்ணால படிச்சும் பாத்துருங்க. 300ஐயும் ஒரே மூச்சுல செய்யாதீங்க, அந்தந்த வாரப் பாட்ட மட்டும் மாத்துங்க. அதுவரைக்கும் மிச்ச பிபிடிய ஓப்பன்எல்பிக்குள்ளயே அப்படியே ஓட்டலாம், பவர்பாயிண்ட்டோ லிப்ரே ஆபீஸோ இருந்தா போதும். தீம்ல நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கற யூனிகோட் ஃபாண்ட்ட வைங்க. தமிழ் வார்த்த நீளம், ஸ்லைடுக்கு நாலு வரி தாண்டாதீங்க, பின்னாடி உக்காந்துருக்க பாட்டிமார் திட்டுவாங்க.

மதுரை கொயர்:
ஃப்ரீஷோன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், பாக்க அழகா இருக்கும். ஆனா எலக்ட்ரான்ல செஞ்சது, உள்ள ஒரு முழு பிரவுசரே ஓடுற மாதிரி, 4 ஜிபில மூச்சு வாங்கும், புது லேப்டாப் வந்தா பாருங்க. க்வெலியான்னு இன்னொரு பாட்டு சாஃப்ட்வேரும் இருக்கு, அது ஜாவால எழுதுனது.

நெல்லை கீபோர்டு:
ரொம்ப நன்றி, ஓப்பன்எல்பி போட்டாச்சு. தமிழ் வேதாகமம் உள்ளயே வருமா? அப்புறம் நான் கீபோர்டு வாசிக்கணும், லேப்டாப் பக்கத்துல ஆள் இல்ல.

பின்பெஞ்ச் ஆபரேட்டர்:
வேதாகமம் கூட வராது, நீங்கதான் இம்போர்ட் பண்ணணும், ஓசிஸ், செஃபானியா, சிஎஸ்வின்னு எந்த ஃபைல் ஃபார்மேட்ல இருந்தாலும் எடுத்துக்கும். ரிமோட் ஈசி. லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபைல இருக்கணும், நெட் தேவையில்ல, போன் பிரவுசர்ல லேப்டாப்போட ஐபி அட்ரஸ் போட்டு கூடவே 4316 போர்ட் குடுத்தா போன்லயே அடுத்த ஸ்லைடு தள்ளலாம். கீபோர்டு ஸ்டாண்ட்ல போன வச்சுக்கோங்க. அப்புறம் டேட்டா ஃபோல்டர்ல சாங்ஸ் எஸ்க்யூலைட்னு ஒரு ஃபைல் இருக்கும், பாட்டு மொத்தமும் அதுக்குள்ளதான், வாராவாரம் பெண்டிரைவ்ல காப்பி எடுத்துருங்க.

நெல்லை கீபோர்டு:
இன்னைக்கு பதினோரு பாட்டு மாத்திட்டேன். கன்வர்ட்டர் ரெண்டு எடத்துல "ஸ்ரீ"ய சொதப்பிருச்சு, மத்ததெல்லாம் சரி. ஞாயித்துக்கிழம ஓட்டிட்டு சொல்றேன்.