நாணயம் வலுப்பெறுவதை மத்திய வங்கிகள் ஏன் தடுக்கின்றன?

கேள்வி:

ஒரு நாட்டின் நாணய மதிப்பு உயரும்போது, அந்நாட்டு மக்கள் அதே வருமானத்தில் உலகச் சந்தையில் முன்பைவிடக் கூடுதலாக வாங்க முடிகிறது. எரிபொருள், இயந்திரம், மருந்து என இறக்குமதியாகும் அனைத்தும் மலிவாகின்றன. இது இவ்வளவு நேரடியான நன்மை என்றால், சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல் 2015 ஜனவரி வரை, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்கிவிடாதபடி, பெருந்தொகைக்கு அந்நியச் செலாவணியை வாங்கிக் குவித்தது ஏன்? தன் மக்களின் வாங்கும் திறன் உயர்வதைத் தானே தடுப்பதாக அல்லவா ஆகிறது? ஏற்றுமதியாளர்களின் செல்வாக்கே காரணம் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. வேலைவாய்ப்பு, வர்த்தகம், நுகர்வோர் ஆகிய மூன்றையும் சேர்த்து யாரேனும் விளக்க இயலுமா?

முதல் பதில்:

செல்வாக்கு ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலை தன் சரக்கை வெளிநாட்டில் 100 அந்நிய அலகுகளுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அந்நிய அலகுக்கு உள்நாட்டு நாணயம் 10 கிடைத்தபோது வருவாய் 1,000. அதில் கூலியும் பிற உள்நாட்டுச் செலவுகளும் 700, இறக்குமதி மூலப்பொருள் 200, இலாபம் 100. உள்நாட்டு நாணயம் வலுப்பெற்று, ஓர் அந்நிய அலகுக்கு 9 மட்டுமே கிடைக்கும் நிலை வந்தால், வருவாய் 900 ஆகிறது; மூலப்பொருள் செலவு 180 ஆகக் குறைகிறது; கூலியோ 700 ஆகவே நிற்கிறது. இலாபம் 20 மட்டுமே. நாணயம் பத்தில் ஒரு பங்கு அசைந்ததற்கு இலாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிட்டது. இதே தொழிற்சாலை மூலப்பொருளுக்கு 600, உள்நாட்டுச் செலவுகளுக்கு 300 என்று செலவிட்டிருந்தால், இலாபம் 60 வரை தாக்குப்பிடித்திருக்கும். ஆகவே அடி முதலில் விழுவது, உள்நாட்டு உழைப்பை அதிகமாகவும் இறக்குமதியைக் குறைவாகவும் பயன்படுத்தும் தொழில்கள் மீதுதான். அதிகம் பேருக்கு வேலை தரும் தொழில்கள் பெரும்பாலும் அவையே என்பதைக் கவனியுங்கள்.

விலையை உயர்த்திச் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். மாற்றுச் சரக்கு எளிதில் கிடைக்காத மருந்து போன்றவற்றில் அது ஓரளவு நடக்கும். சாதாரண இயந்திர உதிரிப் பாகத்தில் நடக்காது.

சுவிஸ் மத்திய வங்கி 2015 ஜனவரி 15 அன்று அந்த 1.20 வரம்பைக் கைவிட்டதும், ஒரே நாளில் பிராங்க் மிகக் கடுமையாக உயர்ந்து, யூரோவுக்கு ஏறத்தாழச் சமமாகிவிட்டது. வேலையின்மை பெரிதாக வெடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பல நிறுவனங்கள் அதே சம்பளத்துக்குக் கூடுதல் நேரம் உழைக்குமாறு தொழிலாளர்களைக் கேட்டன. எல்லையோர மக்கள் ஜெர்மனிக்குச் சென்று பொருள் வாங்கியதால், ஏற்றுமதியோடு தொடர்பே இல்லாத உள்ளூர் வணிகமும் சுருங்கியது. அவ்வாண்டு நுகர்வோர் விலைகள் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தன. மத்திய வங்கி அஞ்சியதும் இந்த விலைவீழ்ச்சியைத்தான். விலை மேலும் குறையும் என்று எதிர்பார்த்து முதலீடும் கொள்முதலும் தள்ளிப்போடப்படும் நிலையை, ஏற்கெனவே வட்டி பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்போது சரிசெய்வது கடினம்.

இரண்டாம் பதில்:

மேலே உள்ள கணக்கு சரியானது. ஆயினும் நாணயம் எதனால் வலுப்பெற்றது என்ற கேள்வியை அது விட்டுவிடுகிறது. 1949இல் ஒரு டாலருக்கு 4.20 ஆக இருந்த ஜெர்மன் மார்க், 1970களின் இறுதியில் 2க்கும் கீழே வந்தது. அதாவது அதன் மதிப்பு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இருந்தும் மேற்கு ஜெர்மனி பெரும் ஏற்றுமதி நாடாகவே நீடித்தது. அங்கே உற்பத்தித் திறன் வளர்ந்துகொண்டிருந்தது, பணவீக்கமும் பிற நாடுகளைவிடக் குறைவாக இருந்தது என்பதால், பணவீக்க வேறுபாட்டைக் கழித்துப் பார்க்கும் உண்மை மாற்று விகிதம் அந்த அளவுக்கு உயரவில்லை.

இதற்கு நேர்மாறானது 1980களின் முற்பகுதியில் டாலர் கண்ட உயர்வு. அமெரிக்க மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்க வட்டியைக் கடுமையாக உயர்த்தியது, அரசின் பற்றாக்குறையும் பெருகியது, அந்நிய மூலதனம் உள்ளே பாய்ந்தது. தொழிற்சாலைகளின் திறன் கூடியதால் வந்த உயர்வு அல்ல அது. கேட்டர்பில்லர் போன்ற கனரக இயந்திர நிறுவனங்கள் ஜப்பானியப் போட்டியாளர்களிடம் சந்தையை இழந்தன. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் கூடி டாலரைக் கீழே கொண்டுவர ஒப்புக்கொண்டபோது 240 யென் அளவில் இருந்த டாலர், 1987 தொடக்கத்தில் 150 யென் அளவுக்கு வந்துவிட்டது. அமெரிக்க வர்த்தகப் பற்றாக்குறையோ உடனே குறையாமல் 1987 வரை கூடிக்கொண்டே போனது. ஒப்பந்தங்களும் வாங்கும் பழக்கங்களும் மாறுவதற்குக் காலம் பிடிக்கும்.

மறுபுறத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தென்கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைகளைத் தொடங்கின. 2012இல் 80 யென் அளவில் இருந்த டாலர் 2015இல் 120 யென்னைத் தாண்டி, யென் மிகவும் வலுவிழந்தபோதும், ஜப்பானின் ஏற்றுமதி அளவு எதிர்பார்த்த வேகத்தில் உயரவில்லை. வெளியேறிய ஆலைகள் மாற்று விகிதத்தைப் பார்த்துத் திரும்பி வருவதில்லை. என் பார்வையில், வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை மிகவும் கவலைக்குரியது இதுதான்: விகிதம் திரும்பிவிடும், வேலை திரும்பாது.

மூன்றாம் பதில்:

நுகர்வோரைப் பற்றி இதுவரை அதிகம் பேசப்படவில்லை. கேள்வியில் உள்ள ‘எல்லாம் மலிவாகின்றன’ என்ற அனுமானம் நடைமுறையில் பாதிதான் உண்மை. கடையில் நாம் கொடுக்கும் விலையில் போக்குவரத்து, வாடகை, வரி, விற்பனையாளர் சம்பளம் ஆகிய அனைத்தும் உள்நாட்டு நாணயத்திலேயே இருக்கின்றன. அவை மாற்று விகிதத்தால் அசைவதில்லை. மீதியிலும், போட்டி குறைவாக உள்ள பொருள்களில் இறக்குமதியாளரே வித்தியாசத்தை இலாபமாக வைத்துக்கொள்ள முடியும். முன்கூட்டியே விகிதத்தை நிர்ணயித்து ஒப்பந்தம் செய்திருந்தால் அந்தக் காலம் முடியும்வரை எதுவும் மாறாது. உலக வர்த்தகத்தில் பெரும்பகுதி டாலரில் விலை குறிக்கப்படுவதால், உங்கள் நாணயம் யாருக்கு எதிராக வலுப்பெற்றது என்பதும் முக்கியம். சரக்கை அனுப்பும் நாட்டின் நாணயத்துக்கு எதிராக உயர்ந்து, டாலருக்கு எதிராக அப்படியே நின்றால், டாலர் விலையில் வரும் சரக்கு உடனே மலிவாகாது.

ஆதாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எரிபொருளுக்கும் உணவுக்கும் வருமானத்தில் பெரும்பங்கைச் செலவிடும் குடும்பத்துக்கு, அவை இறக்குமதியானவை என்றால், அது கணிசமான நிவாரணம். வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியவருக்கும் சுமை குறைகிறது. அதே வேளையில், வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் குடும்பத்தின் வருமானமும் குறைகிறது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். நாணயம் உயரும் அளவுக்கு உள்நாட்டுக் கூலியும் விலையும் குறைந்துவிட்டால், முதல் பதிலில் உள்ள தொழிற்சாலை பழைய இலாபத்துக்கே திரும்பிவிடும் அல்லவா? பிறகு வேலை இழப்பு எங்கிருந்து வருகிறது?

இரண்டாம் பதிலை எழுதியவர்:

காகிதத்தில் திரும்பிவிடும். இதைச் சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். 1925இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், முதல் உலகப் போருக்கு முந்தைய 4.86 டாலர் என்ற விகிதத்திலேயே பவுண்டைத் தங்கத்துடன் மீண்டும் இணைத்தார்; அதாவது பவுண்டின் மதிப்பு குறிப்பிட்ட அளவு தங்கத்துக்கு நிலையாகக் கட்டப்பட்டது. அது ஏறத்தாழ 10 சதவீதம் மிகையான மதிப்பு என்று பொருளியலாளர் கெயின்ஸ் வாதிட்டார். ஜெர்மன் நிலக்கரியின் போட்டியால் ஏற்கெனவே தடுமாறிய சுரங்க உரிமையாளர்கள், கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முனைந்தனர். 1926 மே மாதம் பொது வேலைநிறுத்தம் வந்தது. அது ஒன்பது நாள்களில் முடிந்தபோதும் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைக்குத் திரும்பவில்லை. கூலி குறைந்தாலும் வீட்டு வாடகையும் பழைய கடனும் தாமாகக் குறைவதில்லை என்பதால், கூலிக் குறைப்பை யாரும் எளிதில் ஏற்பதில்லை. உரிமையாளர் ஆட்களைக் குறைக்கிறார். அந்தப் பத்தாண்டு முழுவதும் வேலையின்மை உயர்ந்தே இருந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியது.