புல்வெட்டுற வண்டி செல்ஃப் எடுக்கல, ‘டிக்’னு சத்தம் மட்டும் வருது

கேள்வி: உட்கார்ந்து ஓட்டுற வண்டிங்க. சாவியைத் திருப்பினா ஒரே ஒரு ‘டிக்’, அதோட சரி. லைட் நல்லா எரியுது. பேட்டரியில 12.5 வோல்ட் இருக்கு. புல் முழங்கால் உயரம் வந்துடுச்சு, யாராவது வழி சொல்லுங்க.

பதில்: சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் பாருங்க. பிளேடு லீவர் ஆன்ல இருந்தாலும் எடுக்காது.

பதில்: ‘டிக்’ வந்துட்டா அந்த சுவிட்செல்லாம் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். சோலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) வரைக்கும் கரண்ட் வருது, மோட்டார் சுத்துற அளவுக்குக் கிடைக்கல. சும்மா நிக்கும்போது காட்டுற 12.5-ஐ நம்பாதீங்க. ஒருத்தர் சாவியைத் திருப்பட்டும், நீங்க பேட்டரியில மீட்டர் வைங்க. 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி வீக். 12-லயே நின்னா டெர்மினல், எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வண்டியோட இரும்புச் சட்டத்துக்கு, அதாவது சேஸிஸுக்குப் போறது), சோலினாய்டு, இல்லன்னா ஸ்டார்ட்டர் மோட்டார். எர்த் ஒயரை சேஸிஸ்ல முடுக்கியிருக்கிற போல்ட்டைக் கழட்டியே பாருங்க. மேல பளபளன்னு இருக்கும், வாஷருக்கு அடியில துரு ஏறியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால சோலினாய்டை ஷார்ட் பண்ணுங்கன்னு சொல்வாங்க. தயவுசெஞ்சு வேண்டாம், சீட்டுல ஆள் இல்லாமலே வண்டி கிளம்பிடலாம்.

கேட்டவர்: திருப்பும்போது 12.2. நெகட்டிவைக் கழட்டிட்டு எர்த் போல்ட்டைத் திறந்தேன், வாஷருக்கு அடியில ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடுக்கினதும் எடுத்துடுச்சு. ரொம்ப நன்றிங்க.

பதில்: முடுக்கின இடத்து மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க, ஈரம் ஏறாது.